கடல் தொட்டியில் பாசி: முதல் காசு எதற்குப் போக வேண்டும்

கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், கொஞ்ச நேரத்திலேயே பேச்சு பாசிக்கு வந்துவிடும். "எந்த ஃபில்டர் போட்டா போகும்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் கேனிஸ்டரை (மூடிய டப்பா ஃபில்டர்) காட்டுவார், அடுத்தவர் யுவி விளக்கை எடுத்து வைப்பார், இன்னொருவர் ஒரு பாட்டில் பாக்டீரியாவை நீட்டுவார். யாரும் பொய் சொல்வதில்லை. எல்லாக் கருவியும் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. நம் தொட்டியில் எந்த வேலை பாக்கி கிடக்கிறது என்று பார்த்த பிறகு வாங்கினால் பாதிக் காசு மிச்சம்.

என் தொட்டி சின்னதுதான். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே அலமாரிக்குள் சம்ப், அதாவது ஃபில்டர் கருவிகள் நிற்கும், அறை அறையாகத் தடுத்த இரண்டாவது தொட்டி. பாறையும் மணலும் பிடித்த இடம் போக, எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீர். உள்ளே இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி, ஒரு ப்ளென்னி, மென்மைப் பவளங்களில் கொஞ்சம் ஸோவாந்திட், மஷ்ரூம், ஒரு லெதர். கல்போல் வளரும் கடினப் பவளங்கள் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடைக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பாறையும் கடலில் இருந்து எடுத்ததல்ல, சுண்ணாம்புக் கலவையில் செய்த செயற்கைப் பாறை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. புதுப் பாறை வைத்த தொட்டியில் முதல் சில மாதம் பழுப்புப் படலம், பிறகு பச்சை, சில சமயம் சிவப்புச் சளி என்று வரிசையாக வந்து போகும். அந்தக் கட்டத்தில் பதறிப்போய்க் கருவி வாங்கக் கூடாது. பாறை முழுக்க நீள முடி முடியாகப் பாசி வளர்ந்து, மாதக் கணக்கில் குறையாமல் நின்றால்தான் இந்தப் பேச்செல்லாம்.

பாசிக்கு வெளிச்சமும் சாப்பாடும் வேண்டும். சாப்பாடு என்றால் முக்கியமாக நைட்ரேட், பாஸ்பேட். இவை இரண்டு வழியாக உள்ளே வருகின்றன: நாம் ஊற்றும் தண்ணீர், நாம் போடும் தீனி. மென்மைப் பவளத் தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. பூஜ்யம் எனக்கு வேண்டவே வேண்டாம், அதற்குக் காரணம் பின்னால் வரும். பாஸ்பேட்டை நிறம் பார்த்துச் சொல்லும் கிட்டில் இந்தக் குறைந்த அளவுகளைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். டியூப் லைட்டுக்கு அடியில் 0.03-உம் 0.1-உம் ஒரே நீலமாகத்தான் தெரியும். அதனால் எண்ணாகவே காட்டும் ஹன்னா செக்கர் என்ற சின்னக் கருவியை வாங்கினேன். அது பாஸ்பரஸை பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட். 20 என்று வந்தால் 0.06 பிபிஎம். அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் எண் மாறிவிடும். கண்ணாடி துடைக்கும் மென்துணியால் துடைத்து, மருந்து கலக்கும் முன் எடுக்கும் முதல் அளவிலும் கலந்த பின் எடுக்கும் இரண்டாவது அளவிலும் குப்பியை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்து, குமிழ் எதுவும் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் பட்டனைத் தொடுவேன்.

இன்னொன்று. பாறை முழுக்கப் பாசி, ஆனால் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டினால் அந்த அளவை அப்படியே நம்ப வேண்டாம். கிடைப்பதையெல்லாம் பாசியே தின்று தீர்த்துவிட்டது, மிச்சத்தைத்தான் கருவி காட்டுகிறது.

சரி, முதல் காசு எதற்கு? என்னைக் கேட்டால் தண்ணீருக்கு. சென்னையில் இதைவிட முக்கியமான ஃபில்டர் கிடையாது. எங்கள் வீட்டு போர்வெல்லில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,400-ஐத் தொடும். கோடையில் டேங்கர் லாரி வரும், அந்தத் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றுடையது என்று யாருக்கும் தெரியாது, லாரிக்கு லாரி எண் மாறும். மாடி வீட்டுத் தம்பி தொட்டி ஆரம்பித்தபோது சமையலறை ஆர்ஓ தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தான்.

"நாம குடிக்கிற தண்ணிதானேண்ணா, மீனுக்கு ஆகாதா?"

"நமக்கு ஆகும்டா, தொட்டிக்குத்தான் ஆகாது" என்று சொல்லி, டிடிஎஸ் மீட்டரை வைத்துக் காட்டினேன். 85.

வீட்டு ஆர்ஓ இயந்திரங்கள் பலவற்றில் ருசிக்காக ஒரு டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். சுத்தமான தண்ணீரோடு கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்து விடுவதுதான் அதன் வேலை. குடிக்க நல்லது. கடல் தொட்டியில் இது எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். கோடையில் தண்ணீர் சூடேறாமல் இருக்க மேலே இரண்டு விசிறி ஓடும். அதனால் என் தொட்டியில் தினம் 4 லிட்டர் வரை ஆவியாகிறது, மாதம் 120 லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், அதற்கு ஈடாக ஊற்றுவதில் இருக்கும் கழிவு அப்படியே தங்கிவிடும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கிணற்று நீரில் அந்த அளவு இருந்து, ஆர்ஓ பத்தில் ஒன்பது பங்கை நீக்கினால்கூட 4.5 மில்லிகிராம் தொட்டிக்குள் வருகிறது. அதை 120 லிட்டருக்குப் பெருக்கினால் 540 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் இது மாதாமாதம் 2.7 பிபிஎம் ஏற்றம், மீனுக்கு ஒரு துணுக்குத் தீனி போடாமலே. இந்த நிலையில் அழுக்கை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் எதை மாட்டி என்ன பயன்?

தொட்டிக்கு என்றே தனியாக ஒரு ஆர்ஓ-டிஐ அமைப்பு வேண்டும்: செடிமென்ட், கார்பன், மெம்ப்ரேன், அதற்குப் பின் டிஐ ரெசின். ரெசின்தான் மெம்ப்ரேன் விட்டதைப் பிடித்து டிடிஎஸ்ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். நம்மூர்க் கிணற்று நீரில் மெம்ப்ரேனைத் தாண்டியே 40 வந்து நிற்பதால் ரெசின் சீக்கிரம் தீர்ந்துபோகும். இரண்டு ரெசின் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் நல்லது. முதலாவது நிறம் மாறியதும் அதை நிரப்பி இரண்டாவது இடத்தில் வைத்து, இரண்டாவதை முன்னால் கொண்டுவரலாம். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்று கடைசித் துளி வரை ரெசினை ஓட்டவும் கூடாது. ரெசின் சோரும்போது முதலில் நழுவுவது சிலிக்கேட். அதற்கு மின்னூட்டம் குறைவு என்பதால் டிடிஎஸ் மீட்டர் கண்டுகொள்ளாது. கண்ணாடியில் மறுபடியும் பழுப்புப் படலம் வந்தால் நான் முதலில் ரெசினைத்தான் பார்ப்பேன். அமைப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டும்போது முதலில் வரும் தண்ணீரில் டிடிஎஸ் ஏறியிருக்கும். அதை ரெசினுக்குள் விடாமல் ஒரு வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்வோம். கழிவுக் குழாயில் வருவதும் டாய்லெட்டுக்குப் போகிறது. இந்த ஊரில் அதைச் சாக்கடையில் விட்டால் வீட்டில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

அடுத்தது ரொம்ப மலிவான சமாச்சாரம். மேலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் இறங்கும் இடத்தில் ஒரு ஃபில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) அல்லது வெள்ளைப் பஞ்சு. மீன் சாப்பிடாத தீனி, எச்சம், பிய்ந்த பாசி எல்லாம் அங்கே மாட்டும். மாட்டியது மாட்டியபடியே இருந்தால் அங்கேயே அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாகத் தண்ணீரில்தான் கரையும். அதனால் மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற முடியாதவர் சாக் வாங்கவே வேண்டாம். துணியின் கண் 200 மைக்ரான் இருந்தால் போதும், 100 மைக்ரான் இன்னும் சுத்தமாக வடிகட்டும், ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு மேலே வழியும். சாக்குகளைச் சோப்பு இல்லாமல் கொஞ்சம் ப்ளீச்சில் ஊறவைத்து, நன்றாக அலசி, மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுவென்று காயப்போடுகிறேன். தானாகச் சுருண்டு நகரும் ஃப்ளீஸ் ரோலர் வசதியானதுதான், ஊருக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் ரோலைத் தொடர்ந்து வாங்க வேண்டும், இங்கே அது எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. எனக்குச் சாக்கும் பஞ்சுமே போதும்.

கேனிஸ்டர் பற்றிச் சுருக்கமாக. நன்னீர்ச் செடித் தொட்டிக்கு அருமையான கருவி. கடல் தொட்டியில் அதை வாராவாரம் திறந்து கழுவினால் சரி. ஆனால் மூடிய டப்பாவுக்குள் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாததால் யாரும் திறப்பதில்லை. பாக்டீரியா குடியிருக்கப் போடும் செராமிக் வளையம், பயோ பந்து இவையும் அப்படித்தான்: அம்மோனியாவை நைட்ரேட் ஆக்கும், நைட்ரேட்டைத் தூக்கி வெளியே போடாது. அம்மோனியா வேலையைப் பாறையே பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஸ்கிம்மர். மெரினாவில் அலை திரும்பிய பிறகு ஈர மணலில் நுரை நிற்குமே, அதே சங்கதிதான். புரதம், கொழுப்பு மாதிரியான கரிமப் பொருள்களில் பலவற்றுக்குத் தண்ணீரை விட்டு விலகி நிற்கும் ஒரு முனை உண்டு. அது காற்றுக் குமிழின் தோலில் ஒட்டிக்கொள்ளும். உப்பு நீரில் குமிழ்கள் பொடிப்பொடியாக நிற்பதால் ஒட்ட நிறைய இடம் கிடைக்கும். நுரை கழுத்து வழியாக ஏறிக் கோப்பையில் விழும்போது அந்த அழுக்கும் வெளியேறும். கவனிக்க வேண்டியது, ஏற்கெனவே நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிக் கரைந்துவிட்டதை ஸ்கிம்மர் எடுக்காது, மாறுவதற்கு முன்பு பிடித்தால்தான் உண்டு. எனவே ஸ்கிம்மர் மாட்டிய மறுநாள் நைட்ரேட் இறங்கவில்லை என்று கோபப்படுவதில் நியாயமில்லை. இன்னொரு லாபம், இத்தனை காற்று கலப்பதால் ராத்திரியில் ஆக்சிஜன் குறையாது.

பெட்டியில் "500 லிட்டர் வரை" என்று போட்டிருப்பது மீன் குறைவாக உள்ள தொட்டிக்கான கணக்கு. என் வழக்கம், தண்ணீர் அளவைப் பார்க்காமல் தினம் எவ்வளவு தீனி போடுகிறோம் என்று பார்ப்பது. அதற்காக ரொம்பப் பெரிதாகவும் போகக் கூடாது. நாலு மீன் உள்ள தொட்டியில் பூதாகாரமான ஸ்கிம்மர் வைத்தால் நுரை கழுத்தில் பாதி ஏறிப் பாதியில் உடைந்துகொண்டே இருக்கும், கோப்பை காய்ந்து கிடக்கும். புது ஸ்கிம்மர் ஒழுங்காக நுரைக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை வால்வைத் திருகித் திருகி அவஸ்தைப்பட வேண்டாம்.

வாங்கும் முன் அளக்க வேண்டியது இரண்டு. ஒன்று, சம்ப்பில் அது நிற்கும் அறையின் தண்ணீர் மட்டம் அந்த மாடல் கேட்கும் உயரத்தில் மாறாமல் நிற்குமா? மட்டம் ஒரு அங்குலம் ஏறினாலும் இறங்கினாலும் நுரை மாறிவிடும். ஆவியாவதால் இறங்கும் மட்டம் கடைசி அறையில் தெரிய வேண்டும், ஸ்கிம்மர் அறையில் தெரியக் கூடாது. இரண்டு, கரன்ட் போனால் என்ன ஆகும்? சம்ப்பில் இருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேல் தொட்டியில் இருந்து கொஞ்சம் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் ஏறும். கரன்ட் வந்த உடனே, உயர்ந்த மட்டத்தில் நிற்கும் ஸ்கிம்மர் வெறும் தண்ணீராகக் கோப்பையை நிரப்பி, பிடித்து வைத்த அழுக்கு முழுவதையும் சம்ப்பிலேயே கொட்டிவிடும். எங்கள் பகுதியில் கரன்ட் போய்ப் போய் வரும் என்பதால் ஸ்கிம்மர் பிளக்கில் சில நிமிடம் தாமதித்து இயக்கும் ஒரு டைமர் ரிலே போட்டிருக்கிறேன். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டால் சைஃபன் உடைந்து தண்ணீர் அதிகம் இறங்காது. தண்ணீர் பின்னால் வராமல் தடுக்கும் செக் வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு நத்தை அதில் உட்கார்ந்தால் கதை முடிந்தது.

கோப்பையைக் காலி செய்யும்போது கழுத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பாக, மெழுகு மாதிரி ஒரு படலம் வழுக்கும். அது சேர்ந்தால் நுரை ஏறாது. கழுத்தை வாரத்தில் இரண்டு முறையாவது துடைக்க வேண்டும். நாற்றத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு செய்யுங்கள். காற்று போகும் குழாயின் வாயில் உப்புப் பொரிந்து அடைக்கும், வெந்நீரை உறிஞ்ச விட்டால் கரைந்துவிடும். நுரை திடீரென்று படுத்துவிட்டால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள தீனியோ, சமையல் செய்த கையைத் தொட்டிக்குள் விட்டதோதான் பெரும்பாலும் காரணம், சில மணி நேரத்தில் தானே எழுந்துவிடும்.

கரைந்துபோன நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுக்க எனக்குப் பிடித்த வழி, பாசியை வைத்தே பாசியை அடக்குவது. சம்ப்பில் ஒரு அறையில் கீட்டோமார்ஃபா என்ற பச்சை நூல் பாசி. நைலான் கயிற்றைப் பிரித்துச் சுருட்டி வைத்த மாதிரி இருக்கும். மேல் தொட்டியில் விளக்கு அணைந்ததும் அதற்கு விளக்கு எரியும். இரவு முழுக்க அது கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் கீழே விழாமல் நிற்கிறது. அதிகமாக வளர்ந்ததைப் பிய்த்து வெளியே எறியும்போதுதான் சத்து தொட்டியை விட்டு வெளியேறுகிறது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் நடுவில் வெளிச்சம் படாத பாகம் அழுகும். காலெர்பா வேண்டாம், சில சமயம் ஒரே ராத்திரியில் இனப்பெருக்கத்துக்குப் போய் உடைந்து எல்லாச் சத்தையும் திரும்பக் கொட்டிவிடும்.

சம்ப்பில் இடமில்லாதவர்களுக்கு ஆல்கே ஸ்க்ரப்பர் இருக்கிறது. சொரசொரப்பான பிளாஸ்டிக் வலையின் மேல் தண்ணீரை மெல்லிய திரையாக வழியவிட்டு, இரண்டு பக்கமும் கடுமையான வெளிச்சம் கொடுத்தால் வலையில் பாசி வளரும், வாரம் ஒருமுறை சுரண்டி எடுக்கலாம். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி 1980-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற யோசனை இது. அவர் அதை வைத்து ஒரு பவளப்பாறைத் தொட்டியையே நடத்திக் காட்டினார். பொழுதுபோக்குக்காரர்களிடையே புழங்கும் கணக்கு, தினம் ஒரு கட்டி உறைந்த தீனிக்கு 12 சதுர அங்குல வலை. தச்சு வேலையும் ஒயரிங்கும் கொஞ்சம் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துவிடலாம்.

ஜிஎஃப்ஓ என்கிற இரும்பு ஆக்சைடு குருணையைக் கடைசியில்தான் சொல்வேன். பாஸ்பேட்டை வேகமாகப் பிடிக்கும், அந்த வேகம்தான் எனக்குப் பயம். ஒரே வாரத்தில் 0.3-இல் இருந்து பூஜ்யத்துக்கு இழுத்தால் ஸோவாந்திட்கள் மூடிக்கொள்ளும். போதாக்குறைக்கு, போட்டிக்கு யாரும் இல்லாத பாறையில் டைனோஃப்ளாஜெலேட் வந்து உட்காரும். காற்றுக் குமிழ் கோத்த பழுப்புச் சளி. முடிப்பாசியே தேவலை என்று ஆகிவிடும். முன்பு பூஜ்யம் வேண்டாம் என்றது இதனால்தான். பெட்டியில் சொன்ன அளவில் கால் பங்கு போட்டு, முதலில் ஆர்ஓ தண்ணீரில் செம்பழுப்புத் தூசு போகும் வரை அலசி, ரியாக்டரில் (குருணை வழியே தண்ணீரை ஓட்டும் குழாய்) மேல்மட்டக் குருணை மட்டும் மெல்ல அசையும்படி ஓட்டினால் போதும். குதிக்க விட்டால் அரைபட்டு மாவாகும். வெளியே வரும் தண்ணீரின் பாஸ்பேட்டும் தொட்டியுடையதும் ஒன்றானால் குருணை தீர்ந்தது என்று அர்த்தம். சுண்ணாம்புப் பாறையும் மணலும் இத்தனை காலம் பாஸ்பேட்டைக் குடித்து வைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறைய அதைத் திரும்ப விடும். அதனால் இறங்கிய எண் மறுபடி ஏறினால் குருணை போலி என்று நினைக்க வேண்டாம்.

யுவி விளக்கு தண்ணீரில் மிதக்கும் பச்சையைக் கொல்லும், பாறையில் வேர்விட்டதை ஒன்றும் செய்யாது. ஆக்டிவேட்டட் கார்பன் தண்ணீரின் மஞ்சளை எடுக்கும், நைட்ரேட்டை எடுக்காது.

இதில் எதுவும் பாறையில் ஏற்கெனவே நிற்கும் முடியைப் பிடுங்கித் தராது. பம்புகளை நிறுத்தி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, தேய்க்கும் இடத்திலேயே குழாயைப் பிடித்து உறிஞ்சுவது நம் வேலைதான். தண்ணீர் மாற்றும் நாளில் இதைச் சேர்த்துச் செய்தால் தனி வேலையாகத் தெரியாது. மிச்சம் மீதியை டர்போ, ட்ரோகஸ் நத்தைகள் பார்த்துக்கொள்ளும். நீளமாக வளர்ந்ததை அவை தொடுவதில்லை, கட்டையாக வெட்டி வைத்தால் மேயும். டர்போ கவிழ்ந்தால் பல சமயம் தானாக நிமிராது, பார்க்கும்போது திருப்பி வைக்க வேண்டும்.

ஸ்கிம்மரைப் பழையதாக வாங்கினாலும் தப்பில்லை. அக்ரிலிக் உடல் வருஷக் கணக்கில் உழைக்கும், தேய்வது பம்புதான். பம்பைப் பிரித்து, காற்றைப் பொடிக் குமிழாக அடிக்கும் ஊசிச் சக்கரத்தில் ஊசிகள் உடைந்திருக்கின்றனவா, அச்சு ஆடுகிறதா என்று பாருங்கள். அந்தச் சக்கரம் தனியாக இங்கே கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகு விலை பேசுங்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் வாங்கி வருகிறேன் என்றால் ஏசி பம்பா, டிசி பம்பா என்று கேளுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே ஒரு கன்வர்ட்டர் போட்டால் வோல்டேஜ் இறங்கும், ஹெர்ட்ஸ் 50 ஆகத்தான் இருக்கும். ஏசி பம்ப் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், காற்று இழுப்பதும் குறையும், சூடும் ஏறும். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும் டிசி பம்ப் என்றால் பிளக் முனையை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டலாம்.